மாமனார் காருக்கு ரிலே பாய் வைத்த சுவிட்ச்

சுவிட்சுக்காகவே பிறந்த மனிதர் ஒருவர் இந்தப் பூமியில் உண்டென்றால் அவர் எங்கள் உக்கடம் ரிலே பாய்தான். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளும் அழும். இவர் அழுவதற்கு முன்னால் லைட் எங்கே போடுவது என்று சுவரைத் தடவிப் பார்த்திருப்பார். இதை அவரிடமே ஒருநாள் சொன்னேன். கோபப்படவில்லை. "இருக்குமுங்க. ஆனா அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில சுவிட்சையெல்லாம் எட்டாத ஒசரத்துல வெச்சுப்போட்டாங்க," என்று வருத்தப்பட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் கடை. போர்டு கிடையாது. வாசலில் கொத்துக் கொத்தாகப் பழைய ஹார்ன்கள் தொங்கும், அதுதான் அடையாளம். காரிலோ வேனிலோ கம்பெனிக்காரன் கொடுக்காத எதை நீங்கள் மாட்ட ஆசைப்பட்டாலும் சரி, ஃபாக் லைட், இரண்டாவது ஹார்ன், குட்டி ஃபேன், ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் பெட்டி, எதுவானாலும் அதற்கு ஒயர் இழுத்து சுவிட்ச் வைப்பது அவர் தொழில். அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்காரம்மாவே கடைக்குப் போன் போட்டு, "ரிலே பாய் இருக்காருங்களா?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பெயர் வந்த காரணம் எளிது. எதை மாட்டச் சொன்னாலும் நடுவில் ஒரு ரிலே வைக்காமல் விடமாட்டார். கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான் ரிலே. "சின்ன சுவிட்சு பெரிய கரண்டைச் சொமக்கக் கூடாதுங்க. சொமந்தா சூடாகும், சூடானா உருகும். நடுவுல ரிலே இருந்துதுன்னு வைங்க, சுவிட்சு சும்மா கண்ணைக் காட்டுனாப் போதும், வேலையை அது பாத்துக்கும்," என்பார். வீட்டிலும் இதே சட்டம்தான். மாமியாரிடம் அவர் நேராகப் பேசிப் பல வருடமாகிறது. சண்டையோ என்று பயந்து கேட்டேன்.

"ச்சே ச்சே. நேராப் பேசுனா சூடாகுமுங்க. நடுவுல வீட்டுக்காரியை வெச்சிருக்கேன்," என்றார்.

நான் முதன்முதலில் அவரிடம் போனது என் பழைய காருக்கு ஃபாக் லைட் மாட்ட. பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் குப்பை கொட்டுகிறவன் நான். படித்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங். இந்த இரண்டாவது விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிவிட்டேன்.

"அப்படீங்களா! நெம்ப சந்தோசமுங்க," என்று எழுந்து நின்றேவிட்டார். பிறகு என் கையில் இரண்டு ஒயரைக் கொடுத்து, "இதுல எது எர்த்துன்னு சொல்லுங்க பாக்கலாம்," என்றார். இரண்டும் கறுப்பு. நான் திருதிருவென்று முழித்தேன். "பரவால்லைங்க, படிச்சவங்களுக்கு அது தெரியாதுங்க," என்று பவ்யமாக ஒயரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் மானம் போவதும் 'ங்க' போட்டுத்தான் போகும்.

அடுத்து என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, "கண்ணை மூடுங்க," என்றார்.

"எதுக்குங்க பாய்?"

"மூடுங்க, சொல்றேன். இப்ப நீங்க பொள்ளாச்சி ரோட்டுல போறீங்க. நல்ல பனி. எதுத்தாப்ல ஒரு லாரி. லைட்டைப் போடுங்க! போடுங்கங்க! அய்யோ, லாரி வந்துருச்சுங்க!"

அவர் போட்ட கூப்பாட்டில் என் கை தானாகக் கிளம்பிப் போய்ச் சட்டைப் பையிலிருந்த செல்போனைப் பிடித்தது.

"சட்டையில சுவிட்சு வெக்க முடியாதுங்க. மறுக்கா," என்றார்.

மூன்றாவது தடவை கை கியருக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். நான் கண்ணைத் திறப்பதற்குள் டிரில் சத்தம் கேட்டது. அதுதான் அவருடைய முறை. "கை எங்க போகுதோ அங்கதானுங்க சுவிட்சு போகோணும். சுவிட்சு இருக்கற எடத்துக்குக் கையை வரச் சொன்னா, கண்ணும் கூடவே வந்துரும். பொறகு ரோட்டை யாருங்க பாக்கறது?" சுவிட்சுக்குப் பக்கத்தில் எது எதற்கு என்று பெயர்கூட எழுத மாட்டார். எழுதினால் கண் அதைப் படிக்கப் போய்விடுமாம்.

கேட்டால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் மனிதர்களுடைய கை எங்கெல்லாம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டா? சூலூர்க்காரர் ஒருவர், புதுசாகக் கல்யாணமானவர், மனைவியோடு வந்திருந்தார். கண்ணை மூடவைத்து "லைட்டைப் போடுங்க" என்று பாய் கத்தியதும் மனுசனின் கை நேராகப் போய்ப் பக்கத்து சீட்டிலிருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டது. மூன்று தடவையும் அதே. பாய் சாக்பீஸ் வட்டத்தை அந்தப் பக்கமே போட்டுவிட்டார். இன்றைக்கும் அந்தக் காருக்கு ஃபாக் லைட் போடுவது அந்த அம்மணிதான். அவர் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டால், இவர் பனி விலகும்வரை வண்டியை எடுப்பதே இல்லை.

அவருடைய ஆகப் பெரிய கண்டுபிடிப்பு மரியாதை ஹார்ன். "ஏனுங்க, நம்மூர்ல சின்னப் பசங்களைக்கூட வாங்க போங்கன்னு சொல்றோம். காருக்குள்ள ஏறி உக்காந்தா மட்டும் பெரியவங்க முதுகுக்குப் பின்னால போயி 'பேஏஏ'ன்னு கத்தறோம். இதென்னங்க பழக்கம்?" என்று கேட்பார். இதற்காகவே ஒரு சின்ன ஹார்னைப் பிடித்து, டப்பாவுக்குள் போட்டு, சுற்றிலும் பஞ்சை அடைத்து, அதன் குரலைக் கனியவைத்திருந்தார். கூடவே ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் லாரிக்கு, கீழே தள்ளினால் மனிதர்களுக்கு. கீழே தள்ளிவிட்டு ஹார்னை அமுக்கினால், வீட்டு வாசலில் வந்து நிற்கிற விருந்தாளி தொண்டையைச் செருமுவதுபோல "ம்ம்க்கும்" என்று ஒரு சத்தம் வரும். அதை என் காரிலும் மாட்டிவிட்டார். கேட்காமலே மாட்டினார்.

எரியாத பல்பைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் என் காரில் வந்துகொண்டிருந்தார். சுங்கம் சிக்னலில் எங்களுக்கு முன்னால் நின்ற காரில் ஒரு பிரேக் லைட் எரியவில்லை. "பாய், வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க," என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் போய்விட்டார். அந்தக் காரின் பின்னால் குனிந்து, ஸ்க்ரூவைத் திருகி, சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார். காருக்குச் சொந்தக்காரர் கண்ணாடியில் பார்க்கிறார், பின்னால் ஒரு தாடி வைத்த ஆள் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருக்கிறார். பச்சை விழுந்தது. மனுசன் பறந்துவிட்டார்.

"ஏனுங்க! கண்ணாடிங்க! நில்லுங்கங்க!" என்று பாய் சிவப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி டிராஃபிக்கில் ஓடுகிறார். அவர் ஓட ஓட முன்னால் போனவர் இன்னும் வேகமெடுத்தார். பாயை நான் அள்ளிப் போட்டுக்கொண்டு துரத்தினேன். சிங்காநல்லூரில் ஒரு பேக்கரி வாசலில்தான் பிடிக்க முடிந்தது. அந்த மனுசன் கதவுகளைப் பூட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, அழுகிற நிலைமையில் உட்கார்ந்திருந்தார். பாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது பல்பைப் போட்டு, கண்ணாடியை மாட்டி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, ஜன்னலில் தட்டி, "பிரேக்கை அமுக்குங்க," என்றார். பயத்தில் அவர் அமுக்கினார். எரிந்தது. "சரிங்க, போயிட்டு வாங்க," என்று கும்பிட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போகிற விதி எனக்கு வாய்த்தது.

என் மாமனாருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன், அதாவது என் மைத்துனன் பிரகாஷ், பழைய காரை மாற்றி அவருக்கு ஒரு புதுக் கார் வாங்கிக் கொடுத்தான். அதில் எல்லாமே திரையிலும் ஸ்டியரிங் ஓரத்துக் குச்சிகளிலும்தான். மாமனார் இண்டிகேட்டர் போடப் போனால் வைப்பர் ஆடும். லைட் போடப் போனால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும். பீய்ச்சிய ஒரு காலை நேரத்தில்தான் பால் சொசைட்டி வாசலில் அடுக்கியிருந்த கேன்களுக்குள் வண்டி புகுந்தது. கேன்கள் உருண்டு போய் ஊர்க் கோடியில் நின்றன. அடுத்த வாரமே பக்கத்துத் தோட்டத்து வேலிக்கல் ஒன்று சாய்ந்தது.

பிரகாஷ் ஊருக்கு வந்தான். "அப்பா, சாவியைக் குடுத்துருங்க. ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம்," என்றான்.

"என்ற வண்டியை நான் ஓட்டாம எவன்டா ஓட்டறது?" என்றார் மாமனார். அதோடு மகனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மாதம் தவறாமல் அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர். பஸ்ஸில் போனால் அம்மன் வேண்டாமென்றா சொல்லும் என்று பிரகாஷ் கேட்டனுப்பினான். அம்மன் சொல்லாது, நான் சொல்வேன் என்று இவர் பதில் அனுப்பினார். கேட்டனுப்பியதும் பதில் அனுப்பியதும் என் வழியாகத்தான். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வருகிற அமாவாசைக்கு நாங்கள் எல்லோரும் அவர் காரில் ஆனைமலை போய் வருவது. அவர்தான் ஓட்டுவார். தடுமாறாமல் ஓட்டிவிட்டால் சாவி அவருக்கே. ஓரிடத்தில் தடுமாறினாலும் சாவி பெங்களூருக்கு.

கதையைக் கேட்டு ரிலே பாய் என்னைத்தான் முதலில் பார்த்தார். "நடுவுல நின்னு ரெண்டு பக்கத்துக் கரண்டையும் வாங்கறீங்க பாருங்க, நீங்கதான் ரிலே. சூடு தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுதுங்க பாய்."

மாமனாரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, "கண்ணை மூடுங்கய்யா," என்றார்.

"ஏனுங்க, கண்ணு ஆப்ரேசனா?"

"இல்லீங்க. சும்மா மூடுங்க. இருட்டுங்க. ஒண்ணும் தெரியலீங்க. லைட்டைப் போடுங்க!"

மாமனாரின் கை சரேலென்று மேலே போனது. தலைக்கு மேலே, வலது பக்கமாக, கூரையில் போய் இடித்தது. பாய் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி சொன்னார். மறுபடியும் கூரை. ஐந்து தடவை செய்து பார்த்தார், ஐந்து தடவையும் ஒரே இடம், ஓர் அங்குலம் பிசகவில்லை.

"அங்க என்னங்கய்யா இருக்குது?"

"எங்க?"

"உங்க கை போற எடத்துல."

மாமனார் கண்ணைத் திறந்து, தன் கையையே ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அது தோப்பு மோட்டார் ரூமுங்க. ஸ்டார்ட்டர் பொட்டி அங்கதான் இருக்கு."

ரிலே பாயின் முகம் பிரகாசமானதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுநாளே தன் மொபெட்டில் உக்கடத்திலிருந்து தோப்புக்கே போய்விட்டார். மோட்டார் ரூமுக்குள் இரண்டு மணி நேரம் நின்று, இஞ்ச் டேப்பால் சுவரை அளந்து, எந்த சுவிட்ச் எந்த உயரம், பச்சைப் பொத்தான் எங்கே, சிவப்பு எங்கே என்று ஒரு சிகரெட் அட்டையில் வரைந்துகொண்டு வந்தார். ஒரு வாரம் கழித்துக் காரை எடுக்கப் போன எனக்கு மயக்கம் வராத குறை. டிரைவர் தலைக்கு மேலே கூரையில் ஒரு பலகை. அதில் ஆறு சுவிட்ச். லைட், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், மரியாதை ஹார்ன், ஃபேன், ரிவர்ஸ் பாட்டு. ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று குட்டி விளக்கு.

"இந்த மூணு வெளக்கு எதுக்குங்க பாய்?"

"எதுக்குமில்லீங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "தோட்டத்துல மூணு ஃபேசு கரண்டும் வந்திருக்கான்னு அந்த வெளக்கைப் பாக்காம ஐயா எதையும் தொட மாட்டாருங்களாம். காருக்கு ஏதுங்க மூணு ஃபேசு? சும்மா எரியட்டும்னு வெச்சிருக்கேன். நீங்க இன்ஜினியருன்னு சொல்லிக் காரியத்தைக் கெடுத்துப்போடாதீங்க."

என் மனைவி கவிதா காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது காரா, சப்-ஸ்டேசனா?" என்று கேட்டாள். மாமனார் அதைக் காதில் வாங்காமல் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். மூன்று விளக்கும் எரிந்தன. அண்ணாந்து பார்த்து, "கரண்டு நல்லாருக்குது," என்றார்.

அமாவாசை அன்று காலை பிரகாஷ் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை. ஜன்னலுக்கு மேலிருந்த பிடியை ஊர் எல்லையில் பிடித்தவன் விடவே இல்லை. ஆனால் குற்றம் சொல்ல அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திருப்பம் வந்தால் மாமனாரின் கை மேலே போகும், டக்கென்று இண்டிகேட்டர் விழும், கண் ரோட்டைவிட்டு அசையாது. எனக்கே பெருமையாக இருந்தது. பின் சீட்டில் பக்கத்திலிருந்த கவிதா என் தொடையைக் கிள்ளி, "அப்பா கலக்கறாருங்க," என்று கிசுகிசுத்தாள்.

ஆனைமலையில் கோயில் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. மாமனார் மரியாதை ஹார்னைத் தட்டிவிட்டு அமுக்கினார். "ம்ம்க்கும்." முன்னால் போன ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்தார். "வாங்க, வாங்க, நீங்க போங்க," என்றார். ஆனால் நகரவில்லை. "இல்லீங்க, நீங்க போங்க," என்றார் மாமனார் ஜன்னல் வழியாக. "அட, நீங்க முன்னால போங்க." "பரவால்லீங்க, மெதுவாப் போங்க." இப்படியே கோயில்வரை இருபது நிமிடம். ஊரே எங்களுக்கு மரியாதை கொடுத்தது, வழிதான் ஒருவரும் கொடுக்கவில்லை. இதையும் தடுமாற்றம் என்று பிரகாஷால் சொல்ல முடியவில்லை.

வண்டியை நிறுத்தி மாமனார் சாவியை எடுத்தார். மூன்று விளக்கும் அணைந்தன. அப்போது அவர் கை மேலே போய் ஆறு சுவிட்சையும் வரிசையாகத் தட்டியதை நான் பார்த்தேன். எல்லாவற்றையும் அணைக்கிறார், பொறுப்பான மனுசன் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஜினியர் இல்லையா, அப்படித்தான் நினைப்பேன்.

அவர் அணைக்கவில்லை. போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். தோட்டத்தில் மூன்று விளக்கும் அணைந்தால் கரண்டு போய்விட்டது என்று அர்த்தம். கரண்டு போனால் எந்தத் தோப்புக்காரரும் காத்துக்கொண்டு நிற்பதில்லை. எல்லா சுவிட்சையும் போட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள், கரண்டு வரும்போது மோட்டார் தானாக ஓடிக்கொள்ளும். நாற்பது வருடமாக ஊறிய பழக்கம், சாமி கும்பிட வந்த இடத்தில் மட்டும் விட்டுப்போகுமா?

தரிசனம் முடிந்து வந்து ஏறினோம். முன் சீட்டில் பிரகாஷ். பின்னாலிருந்து கவிதா குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, "நெத்திக்கு வெச்சுக்கோடா," என்று அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். மாமனார் சாவியைத் திருகினார்.

கரண்டு வந்தது. லைட் எரிந்தது. இரண்டு பக்கத்து இண்டிகேட்டரும் ஒன்றாக அடித்தன. வண்டி நின்ற இடத்திலேயே ரிவர்ஸ் பாட்டுப் பாட ஆரம்பித்தது. ஃபேன் முழு வேகத்தில் கிளம்பி, பொட்டலத்திலிருந்த அவ்வளவு குங்குமத்தையும் பிரகாஷ் மேல் வாரி இறைத்தது. அவன் வாயைத் திறந்தான், வாய்க்குள்ளும் போனது. நியாயம் கேட்டு வருகிறவர்கள் கோயில் நீதிக்கல்லில் பூச அரைத்த மிளகாயை யாரோ இவன் மேல் பூசிவிட்டார்கள் என்று அந்தப் பக்கம் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அப்புறம் "டப்" என்று ஒரு சத்தம். எல்லாம் நின்றுவிட்டது. மூன்று விளக்கும் போய்விட்டன.

பிரகாஷ் கண்ணிலிருந்து குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பா பக்கம் மெதுவாகக் கையை நீட்டினான். "அப்பா. சாவி."

மாமனாரின் முகம் சுண்டிப்போனது. நான் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் ஆம்பளையாகப் பிறந்தவன் பானெட்டைத் திறக்காமல் நிற்கக் கூடாது. திறந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், எதிரே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் மொபெட்டைச் சாய்த்துவிட்டு ரிலே பாய் நிற்கிறார்!

எனக்கு உயிர் வந்தது. கையை ஆட்டி, வாங்க வாங்க என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை. இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். மறுபடி கூப்பிட்டேன். இளநீர்க் குலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். சிக்னலில் முன்பின் தெரியாதவன் காரையெல்லாம் கழற்றுகிற மனுசன், நான் நடுரோட்டில் கெஞ்சும்போது ஒளிகிறார். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"எல்லாரும் எறங்குங்க," என்று மாமனாரின் குரல் கேட்டது.

இறங்கினோம். அவர் அண்ணாந்து பலகையைப் பார்த்தார். "மொதல்ல லோடை எறக்கோணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறு சுவிட்சையும் ஒவ்வொன்றாக மேலே தள்ளி அணைத்தார். பலகை ஓரத்தில் இருந்த சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த பியூஸைப் பிடுங்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "பீசு போயிருச்சு." மூடிக்குள்ளேயே ரிலே பாய் ஒட்டி வைத்திருந்த ஸ்பேர் பியூஸை எடுத்துச் சொருகினார். சாவியைத் திருகினார். சிவப்பு, மஞ்சள், நீலம். பிறகு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிரகாஷ் வாயைப் பிளந்து நின்றான். "அப்பா, ஆள் கூப்படாம நீங்களே எப்படி..."

"ஏண்டா கண்ணு, நீ ஆறாவது படிக்கறப்போ தோட்டத்துல பீசு போனா பெங்களூர்ல இருந்தா ஆள் வந்தான்?" என்றார் மாமனார். பல நாளைக்குப் பிறகு மகனிடம் அவர் நேராகப் பேசியது அதுதான். "ஏறு. வெயிலாகுது. மூஞ்சியைத் தொடைச்சுக்கோ."

நீட்டிய கையை பிரகாஷ் எப்போதோ இறக்கிவிட்டிருந்தான். "அடுத்த அமாவாசைக்கு நானே வாரேன், நீங்க ஓட்டுங்கப்பா," என்று சொல்லிவிட்டு, முன் கதவைத் திறக்காமல் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

நான் விறுவிறுவென்று இளநீர் வண்டிக்குப் போனேன். "ஏனுங்க பாய், இது உங்களுக்கே நல்லாருக்கா? கூப்பிடறேன், ஒளிஞ்சுக்கறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க," என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நான் வந்து தொட்டிருந்தேன்னு வைங்க, உங்க மச்சான் என்ன சொல்லியிருப்பாரு? பாருங்க, மெக்கானிக் இல்லாம இவரால வண்டியை எடுக்க முடியாதுன்னு சொல்லியிருப்பாருங்க. சாவி பெங்களூருக்கே போயிருக்கும். ஐயாவுக்குப் பீசு போடத் தெரியும்னு மோட்டார் ரூமுல பாத்தேனுங்க. அதனால கையைக் கட்டிக்கிட்டேன். நெம்பக் கஷ்டமாப் போச்சுங்க."

கட்டியிருந்த கையை அப்போதுதான் பிரித்தார். விரலெல்லாம் நடுங்கியது. சட்டைப் பை இரண்டிலும் பியூஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. காலையில் நாங்கள் தோப்பைவிட்டுக் கிளம்பியதிலிருந்து மொபெட்டில் பின்னாலேயே வந்திருக்கிறார். கேட்டால், "இந்தப் பக்கமா ஒரு சோலிங்க," என்றார். ஆனைமலையில் அவருக்கு ஒரு சோலியும் கிடையாது.

மாமனார் எங்களைப் பார்த்துவிட்டார். நேராக வந்தார். பாயைப் பார்த்தார், அந்தச் சட்டைப் பைகளைப் பார்த்தார். இளநீர்க்காரரிடம் திரும்பி, "நல்லதா ஒண்ணு வெட்டுங்க," என்றார்.

தோப்பு வைத்திருப்பவர்கள் ரோட்டில் இளநீர் வாங்கமாட்டார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டாலும் வாங்கமாட்டார்கள், கௌரவம் இடம் கொடுக்காது. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் மாமனார் காசு கொடுத்து ஓர் இளநீர் வாங்கி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வாங்கினார். வெட்டியதைக் கையில் வாங்கி, காதோரம் ஆட்டிப் பார்த்து, "நம்ம தோப்புது மாதிரி வராது. இருந்தாலும் குடிங்க பாய்," என்று நீட்டினார்.

ரிலே பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கை நடுக்கம் நிற்காததால் தாடியெல்லாம் இளநீர் வழிந்தது. மாமனார் அடியில் ஒரு கையைக் கொடுத்து அவர் குடித்து முடிக்கும்வரை தாங்கிக்கொண்டு நின்றார். அந்த மனுசனை இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த ரோட்டோரத்தில் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.